நான் குதிரை முடி கட்டிய மச்சம்

நகரியில் மருவுக்குக் குதிரை முடி கட்டுகிற அம்சவேணி என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். பெருமாள் பெயரைச் சொல்லி மூன்று முடிச்சுப் போடுவேன். ஒரு வாரத்தில் மரு வாடி விழுந்துவிடும். யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ரத்னம்மா அக்காவுக்குத் தினமும் காலைத் தோசை என் வீட்டில்தான். அவர் கணுக்காலில் கறுப்பாகப் புடைத்திருந்தது. மரு என்று நினைத்து அதற்கும் கட்டினேன். விழுந்ததைக் குப்பையில் போட்டேன். நாலு மாதத்தில் அதே இடத்தில் கறுப்பு கோணல்மாணலாகப் பரவியது.

திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நானே துணை போனேன். ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தார்கள்.

"சாதாரண சாயத்துல சரியா தெரியலம்மா, புற்றுநோய் மாதிரியும் இருக்கு" என்றார் டாக்டர் பத்மினி. "ஆன்டிபாடி சாயம் போடணும். அது குறிப்பிட்ட செல்லுல மட்டும் போய் ஒட்டும். ஒட்டின இடம் பழுப்பாத் தெரியும். அது என்ன செல்லு, எவ்ளோ வேகமா பெருகுதுன்னு அதை வெச்சிப் பார்ப்போம். முன்னாடி அங்க ஏதாச்சும் வெட்டினீங்களா, கட்டினீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பாமலே, "இல்லீங்க, சும்மா சொறிஞ்சிக்கினு இருந்தேன்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்க்கா பொய் சொன்னே?"

"நாலு பேர் முன்னால உன்னைத் திட்டுவாங்கடி. காலே போனாலும் நாளைக்கு நீ சுடற தோசையத்தானே துன்னணும்? உன்னைப் பகைச்சிக்கினா ஆவுமா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. திரும்ப உள்ளே போய், தரையைப் பார்த்தபடியே எல்லாம் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டார்.

"அறுந்து திரும்ப வளர்ற மச்சம் புற்றுநோய் மாதிரியே தெரியும்மா. கட்டினது தெரியாம பார்த்தா தப்பா முடிவு பண்ணிடுவாங்க."

பத்து நாளில் முடிவு வந்தது. திரும்ப முளைத்த மச்சம்தான். மிச்சத்தை எடுத்தால் போதும். அக்கா "கோவிந்தா" என்று கை குவித்தார். நானும் குவித்தேன். அப்போது டாக்டர் என்னைக் கேட்டார்:

"இன்னும் எத்தனை பேருக்குக் கட்டினீங்க? யாருக்கெல்லாம் கறுப்பா இருந்துச்சி?"

சாமி பேரைச் சொல்லி நான் கட்டிய கறுப்புகளை விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். விழுந்ததில் ஒன்றைக்கூட யாரும் பரிசோதித்ததில்லை.

மறுநாள் காலை விசைத்தறி ஓட்டும் கமலக்கண்ணன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கட்டியதும் கறுப்புதான்.

"வாம்மா அம்சா, யாருக்குக் கட்ட வந்தே?" என்று நாற்காலி எடுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. "சட்டையக் கழட்டுங்கண்ணா. உங்க முதுகுல நான் கட்டின எடத்தப் பார்க்கணும்" என்றேன்.