உறவு: அத்தை

பள்ளிக் கோப்பில் அவரைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: "ரெமிஹியோ கத்தலான், வயது 43. மாற்றுப் பொறுப்பாளர். தாய் வர இயலாத அவசர வேளையில் மட்டும் அழைக்கவும். குழந்தைக்கு உறவு: இல்லை."

அந்த அவசர வேளை மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை நீடித்தது.

குழந்தையின் பெயர் ரயென், மூன்றரை வயது. அவளுடைய தாய் யாஸ்னா, எங்கள் பக்கம் கோடை முடிகிற அந்த மார்ச்சில், வடக்கே ஒரு சுரங்க ஊருக்குச் சமையல் வேலைக்குப் போனாள். மூன்று வருடத்துக்கு முன் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு ரெமிஹியோவிடம் வந்து சேர்ந்தவள் அவள். பெற்ற தகப்பன் யாரென்று யாஸ்னாவுக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஆளுக்குத்தான் மறந்துவிட்டது. ரெமிஹியோவைவிட்டு அவள் பிரிந்ததும் சண்டையில்லாமல்தான். "பிள்ளை இங்கயே இருக்கட்டும். இடம் பாத்துட்டுக் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரெமிஹியோவுக்கு எங்கள் தோமே ஊர் மீன் சந்தையில் மீன் அரிகிற வேலை. எங்கள் மழலையர் பள்ளியில் தாழ்ப்பாள் ஆடினாலும் குழாய் ஒழுகினாலும் மாலையில் அவர்தான் வருவார். இங்கே பாடம் சொல்பவர், சமைப்பவர், கூட்டுபவர் எல்லாரும் பிள்ளைகளுக்கு அத்தைதான். பள்ளிக்குள் கால் வைத்து வேலை செய்கிற எவரும் அத்தை என்பது அவர்கள் சட்டம். மீசையெல்லாம் அதில் விதிவிலக்கு ஆகாது. இரண்டே வாரத்தில் அவர் ரெமிஹியோ அத்தை ஆகிவிட்டார்.

மாதக் கடைசி வெள்ளியன்று பெற்றோர் கூட்டம். அது முடிந்ததும் அந்த மாதம் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கேக். வருபவர்கள் ஒரு தாளில் பிள்ளையின் பெயரும் தங்கள் உறவும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச்சில் அந்தத் தாள் வந்தபோது ரெமிஹியோ பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கட்டத்துல என்னங்க எழுதுறது?"

"பிள்ளைக்கு நீங்க என்ன உறவோ அதை எழுதுங்க."

"அப்பான்னு எழுதினா பொய். ஒண்ணுமில்லன்னு எழுதினா அதைவிடப் பெரிய பொய்."

"மாற்றாந்தகப்பன்னு ஒரு வார்த்தை இருக்கே" என்றாள் லியோன்தீனா. இரட்டைப் பையன்களின் தாய். வாயை வாடகைக்கு விட்டாலும் வேலை பார்க்கும்.

"அது கதையில பிள்ளைங்களக் காட்டுல விட்டுட்டு வர்ற ஆளும்மா."

மேசைக்கடியிலிருந்து ரயென் கத்தினாள்: "அத்தைன்னு எழுது!"

அறை அதிர்ந்தது. அவரும் சிரித்துக்கொண்டே "அத்தை" என்று எழுதினார். தலைமை ஆசிரியை என்கிற முறையில் நானும் சிரித்துக்கொண்டே கீழே முத்திரை குத்தினேன். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அதே சொல், அதே முத்திரை.

மே மாதம் அன்னையர் விழா. பிள்ளைகள் பாடி முடித்து, காகிதத்தில் செய்த கார்னேஷன் பூவை அவரவர் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தாய்மார்கள் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு ரெமிஹியோவும் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க அத்தை. மீன் வாசம் தூக்குது" என்றாள் லியோன்தீனா.

"நாலு எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிச்சேம்மா. இதுக்கு மேல தேச்சா வெங்காயம் தூவி என்னையே பரிமாறிடலாம்."

ரயென் மேடையிலிருந்து இறங்கி வந்து பூவை அவர் கையில் கொடுத்தாள். "இது அம்மாவுக்கு. நீ தொலைச்சுடாத" என்றாள். மறுநாள் அவர் அதை அட்டைப் பெட்டியில் வைத்து வடக்கே அனுப்பினார். பதில் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் மழையில், பள்ளிக்குப் பலகாரம் செய்யும் முறை அவருடையது இல்லாதபோதும், பூசணி பிசைந்து நூறு சொபைபியா அப்பம் பொரித்தார். செப்டம்பரில் தேசிய விழாவுக்கு ரயெனுக்குப் பூப்போட்ட பாவாடையைத் தானே தைத்தார். தையல் மீன்வலை போல இருந்தது, அறுந்து மட்டும் போகவில்லை. கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு இருவரும் குவேக்கா ஆடினார்கள். தாளம் பிடித்தது அவள்தான்.

விழா முடிந்த வாரம் யாஸ்னா வந்தாள். வடக்கே வீடு கிடைத்துவிட்டது, வீட்டுக்கு ஓர் ஆளும் கிடைத்துவிட்டான். என் அறையில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

"அவர் நல்லவர்தான் அத்தை. நல்லவர்ங்கிறதுக்காகப் பிள்ளைய எழுதிக் குடுத்துட முடியுமா?"

முடியாதுதான். ரெமிஹியோவும் அதைக் கேட்கவில்லை. வருடத்தில் ஒரு மாதம், பிப்ரவரி விடுமுறைக்கு மட்டும், பிள்ளை தன்னிடம் வர வேண்டும் என்றார். யாஸ்னா தன் ஆளிடம் கேட்டாள். அவள் ஆள் தொலைபேசியிலேயே முடியாது என்றான். ரெமிஹியோ குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொண்டார் என்பதற்குப் பள்ளியிலிருந்து சான்று கேட்டார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏழு கூட்டங்களின் ஏழு தாள்களையும் பெருமையோடு அனுப்பினேன்.

"கூட்டங்களுக்கு வந்திருப்பவர் குழந்தையின் அத்தை. மனுதாரர் வந்ததற்குச் சான்று எங்கே?" என்று பதில் வந்தது. அம்மாவின் அக்கா தங்கையும் எங்கள் மொழியில் அத்தைதான். அந்த அத்தை யாரென்று கேட்டதற்கு, தனக்கு அக்காவோ தங்கையோ கிடையாது, பெற்ற தகப்பனுக்கும் கிடையாது என்று யாஸ்னா உண்மையையே சொன்னாள். அது வேடிக்கையாக எழுதியது என்று நான் இரண்டு பக்கம் விளக்கினேன். வேடிக்கையாக எழுதிய ஆவணம் சான்றாகாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். "உறவு: இல்லை" என்ற பழைய படிவம் மட்டும் செல்லுபடியானது. இத்தனைக்கும் அந்தக் கோப்பில் இருந்த ஒரே பொய் அதுதான்.

மன்னிப்புக் கேட்கச் சந்தைக்கே போனேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"விடுங்க. நான் அப்பான்னு எழுதியிருந்தா, பொய் எழுதினேன்னு ஜெயில்ல போட்டிருப்பாங்க" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

"பிள்ளைகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"யாஸ்னா என்னைத்தான் சொல்லச் சொல்றா. நான் சொன்னா அழமாட்டாளாம்."

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காலையில் ரெமிஹியோ கத்தலான் ரயெனைக் குளிப்பாட்டி, தலை பின்னி, அம்மா வீட்டுக் கதையை நல்ல கதையாகச் சொல்லி, பேருந்து நிலையம் வரை தூக்கிக்கொண்டு போய் யாஸ்னாவின் மடியில் உட்காரவைத்துவிட்டு, வண்டி கிளம்புவதற்கு முன் இறங்கிக்கொண்டார்.