வாசல் இல்லாத ஹத்தூ

ஹத்தூவுக்கு வீடு இருந்தது. தேவதாரு உத்தரம் போட்ட, மண்சுவர் வைத்த, புகை நன்றாக வெளியேறுகிற வீடு. அதில் தூங்குவதைத்தான் அவன் நிறுத்தியிருந்தான். பனி முழங்கால் அளவு விழுந்த நாட்களிலும் தன் பழைய லேண்ட் ரோவரின் முன் இருக்கையில் குறுக்காகப் படுத்து, கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டான். தேநீர்க் கெண்டி, ஒரு கண்ணாடி டம்ளர், சர்க்கரைக் கட்டி, தொழுகைப் பாய் எல்லாம் வண்டிக்குள் இருந்தன. மனைவி யம்னா ரொட்டியையும் அவரைக்காய்க் கஞ்சியையும் கொண்டுவந்து வண்டியின் ஜன்னலில் நீட்டுவாள்.

"புருஷனுக்கு ஜன்னல் வழியா சாப்பாடு போடுற பொம்பள இந்த மலையிலேயே நான் ஒருத்திதான்" என்பாள். "ஜெயில்லகூட கதவு வழியாத்தான் குடுப்பாங்களாம்."

"ஜெயில்ல இருக்கிறவனுக்குக் கதவு இருக்கு" என்பான் ஹத்தூ. "எனக்கு வேண்டாம்."

கதவு வேண்டாம் என்று அவன் சொன்னதற்குக் காரணம் மீமூன்.

மேல் அட்லஸ் மலைத்தொடருக்கு வடக்கே எங்கள் தேவதாருக் காட்டில் தார்ச்சாலை சந்தையூரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருக்கிற ஊர்களுக்கு மரம் இழுத்த தடம்தான் வழி. செம்மண், வேர், உருண்டை கல், நடுவில் நான்கு ஓடைகள். சந்தை நாளில் ஆட்களையும் ஆடுகளையும் கரி மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வண்டிகள் இறங்கும், மாலையில் ஏறும். ஹத்தூ அந்தத் தடத்தில் இளம் வயதிலிருந்து ஓட்டியவன். நல்ல டிரைவரா என்று கேட்டால், கவனமான டிரைவர் என்று சொல்வேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கமாட்டான். கல்லில் சக்கரம் மோதினால் ஸ்டியரிங் சுழன்று விரலை ஒடித்துவிடும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடமாட்டான். லோ கியரில் போட்டுவிட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவான். ஓடை வந்தால் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கம்பை ஊன்றி நடந்து பார்த்துவிட்டுத்தான் இறக்குவான். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவன் காதில் வாங்கமாட்டான்.

ஒரே ஒரு நாள் அவன் இறங்கிப் பார்க்கவில்லை.

அன்று அவன் தம்பி இஷ்ஷுவின் தொடைமேல் வெட்டிய தேவதாரு உருண்டிருந்தது. தொடையை வரிந்து கட்டி, வண்டியின் பின்னால் வைக்கோல்மேல் படுக்க வைத்து ஹத்தூ இறங்கிக்கொண்டிருந்தான். தம்பி ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மாவைக் கூப்பிட்டான். கழுதைப்புலி ஓடையில் ஹத்தூ வண்டியை அப்படியே இறக்கினான். முன் சக்கரம் இரண்டும் சேற்றில் அச்சுவரை இறங்கின.

அப்போது கீழேயிருந்து மீமூன் வந்தான். அவனும் அதே தடத்தில் ஓட்டுபவன். இருவருக்கும் பயணிகளை ஏற்றுவதில் தகராறு இருந்தது. அதற்கு முந்தைய சந்தையில் மீமூனின் சட்டையை ஹத்தூ கிழித்திருந்தான். மீமூன் வேகத்தைக் குறைத்தான், பார்த்தான், ஓடையை மேல்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஏறிப் போய்விட்டான். "கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டிதான் பின்னால கத்துதுன்னு நினைச்சேன்" என்று பிறகு சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். இஷ்ஷு வெயில் சாயும்வரை கத்தினான். பிறகு கத்தவில்லை.

சிக்கிய வண்டியைத் தாண்டிப் போகக்கூடாது. எங்கள் மலையில் அப்பனைக் கொன்றவன் வண்டியாக இருந்தாலும் முதலில் இழுவைக் கயிறு, பிறகுதான் கத்தி. இந்த ஒரு வழக்கம் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் யாரும் ஓட்ட முடியாது. அதை மீறியவனுக்கு என்ன தண்டனை என்பதும் வழக்கத்தில் உண்டு. புதைத்து முடித்த பிறகு வந்த முதல் சந்தையில், டிரைவர்கள் டீ குடிக்கும் இடத்தில், ஹத்தூ தன் இழுவைக் கயிற்றிலிருந்து ஒரு முழம் அறுத்து, மீமூனின் பெயரைச் சொல்லி முடிச்சுப் போட்டான். ஒவ்வொரு டிரைவரும் வந்து முடிச்சைத் தொட்டார்கள். ஹத்தூ தானாக அதை அவிழ்க்கும்வரை மீமூனுக்கு அந்தக் காட்டில் யாரும் கயிறு போடமாட்டார்கள்.

முடிச்சு ஹத்தூவின் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது.

கயிறு இல்லாத வண்டியில் யார் ஏறுவார்கள்? முதலில் கர்ப்பிணிகள் மீமூனை விட்டார்கள். பிறகு கைக்குழந்தைக்காரிகள், பிறகு கிழவர்கள். அடுத்த மழைக்குள் ஆடுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. சந்தையில் காலையிலிருந்து காலி வண்டியோடு நின்றுவிட்டுக் காலி வண்டியோடு ஏறுவான். ஹத்தூ தன் வண்டி நிரம்பிய பிறகும் கிளம்பமாட்டான். மீமூன் காலியாகக் கிளம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான்.

மன்னிப்பை வாங்குவதற்கும் எங்களிடம் ஒரு வழி உண்டு. கேட்க வந்தவன், கேட்கப்படுபவனின் வாசலில் ஆட்டை அறுத்துவிட்டால் போதும். வாசற்படியில் இரத்தம் விழுந்துவிட்டால் கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் சாபம் அந்த வீட்டின் மேல் இறங்கும். மீமூன் ஆட்டுக்கிடாயோடு வந்த காலையில் ஹத்தூ பின்பக்கச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினான். வீட்டுக்காரன் இல்லாத வாசலில் அறுப்பது செல்லாது. மீமூன் கிடாயை இழுத்துக்கொண்டு திரும்பினான். அன்றிலிருந்து ஹத்தூ வீட்டுக்குள் நுழையவில்லை.

மீமூனும் விடவில்லை. கிடாயை வண்டியிலேயே கட்டி வைத்துக்கொண்டு, சமயம் பார்த்துத் திரிந்தான். பார்லி தின்று தின்று அது கன்றுக்குட்டி போல ஆகிவிட்டது.

"மீமூன் வண்டியில இன்னும் ஏறுற ஒரே ஆளு அதுதான்" என்றாள் கோழிக்காரி ரஹ்ஹோ. "முன் சீட்டுல உக்காந்து வருது. நல்ல பயணி. கொம்புதான் ஜன்னல்ல இடிக்குது."

யம்னா மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் கஞ்சியை ஜன்னலில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "மனுஷா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நீ ஓடையில இறங்கிப் பாத்தியா?"

ஹத்தூ சட்டியைக் கையில் எடுத்தான். கஞ்சியை ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு, கண்ணாடியை ஏற்றினான். அவள் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் கஞ்சி கொண்டுவந்தாள், அந்தக் கேள்வியைக் கொண்டுவரவில்லை. அது தேவையுமில்லை. பிறரை மன்னிக்க முடியாதவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் தங்களையும் மன்னிக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் தயங்குகிறார்கள். இதை ஹத்தூவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்னவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுப் போயிருப்பான்.

பனி உருகும் பருவத்தில், ஒரு சந்தைக் காலையில் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் நான், ரஹ்ஹோ, அவள் கோழிகள், உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகும் இரண்டு குடும்பங்கள், ஆறேழு ஆடுகள். கழுதைப்புலி ஓடையில் ஹத்தூ வழக்கம்போல நிறுத்தி, இறங்கி, கம்பை ஊன்றி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தான். திரும்பி வந்து டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். நடு ஓடையில், நேற்றுவரை உறுதியாக இருந்த கரை மொத்தமாகச் சரிந்து வண்டியின் இடப்பக்கம் உட்கார்ந்தது. கிளைகளை வெட்டிச் சக்கரத்தடியில் போட்டோம். தள்ளினோம். சேறு எங்கள் முகத்தில்தான் அடித்தது.

மேலே எஞ்சின் சத்தம் கேட்டது. எங்களுக்கெல்லாம் தெரிந்த சத்தம்.

"வரட்டும்" என்றாள் ரஹ்ஹோ. "கயிறைப் போடட்டும். ஹத்தூ தம்பி, கோழி நனையுது. இன்னைக்கு ஒருநாள் சும்மா இரு."

மீமூன் ஓடைக்கு முன்னால் நிறுத்தினான். இறங்கினான். எடுத்தது கயிற்றை அல்ல, கிடாயை. இன்னொரு கையில் கத்தி. தண்ணீரில் இறங்கி, கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் வந்தான். இளைத்திருந்தான்.

"ஹத்தூ, நீ தூங்குறது இதுல. தொழறது இதுல. கெண்டிய வச்சிருக்கிறது இதுல" என்றான். "இதுதான் உன் வாசல். ஊர்க்கூட்டத்துல பெரியவங்ககிட்டயும் கேட்டுட்டேன். செல்லும்னு சொல்லிட்டாங்க. நீ உள்ள இருக்கே. எங்க ஓடுவே?"

வண்டி அசையமுடியாது. ஹத்தூ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல்கள் வெளியே. மீமூன் கிடாயைப் படுக்க வைத்து, அதன் முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லா பக்கம் திருப்பினான். முன் டயருக்கு ஒரு சாண் தூரம்.

ஹத்தூ சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். கண்ணாடியிலிருந்து முடிச்சை எடுத்தான். கெண்டியை எடுத்தான், டம்ளரை, சர்க்கரையை, பாயை, கம்பளியை. ஒவ்வொன்றாகக் கம்பளியில் சுற்றி முதுகில் போட்டுக்கொண்டு மறுபக்கக் கதவு வழியாகத் தண்ணீரில் இறங்கினான். சாவியை இருக்கையில் போட்டான்.

"இது என் வாசல் இல்ல" என்றான். "யாருக்கு வேணுமோ குடியிருந்துக்கங்க."

"டேய், பைத்தியக்காரா! வண்டிடா அது!" என்றாள் ரஹ்ஹோ.

"அறுடா மீமூன்" என்றான் ஹத்தூ திரும்பிப் பார்க்காமல். "கை வலிக்கப் போகுது."

அவன் அக்கரை ஏறி மரங்களுக்குள் போவதற்கும் கத்தி இறங்குவதற்கும் சரியாக இருந்தது. எது முந்தியது என்று ஊரில் இன்றும் வாதாடுகிறார்கள். நான் பார்த்தேன். முந்தியது ஹத்தூதான்.

யாருடையதும் அல்லாத வண்டியின் டயரில் இரத்தம் வழிந்தது. மீமூன் கத்தியை ஓடையில் கழுவினான். பிறகு, செய்வதற்கு வேறெதுவும் இல்லாததால், கயிற்றைக் கொண்டுவந்து கட்டி, வண்டியை இழுத்து வெளியே போட்டான். நன்றாகத்தான் இழுத்தான். அன்று இஷ்ஷுவுக்காக இழுத்திருக்க வேண்டியதை இன்று கோழிகளுக்காக இழுத்தான். அந்தக் கிடாயை யாரும் தொடவில்லை. ஏற்கப்படாத பலி யாருடைய பசிக்கும் ஆகாது. அத்தனை பார்லியும் நரிகளுக்குப் போயிற்று.

கல்யாண வீட்டுக்காரர்களில் ஒருவன் ஹத்தூவின் வண்டியைத் தட்டுத்தடுமாறி ஓட்டிப் போய் யம்னாவின் முற்றத்தில் நிறுத்தினான். ஹத்தூ அதைத் தொடவில்லை. தொட்டால் வாசல் அவனுடையதாகிவிடும். எங்கள் ஊருக்கும் சந்தையூருக்கும் நடுவே, கரி சுடுபவர்களின் குடிசைகளில் மாறி மாறித் தூங்கினான். ஓட்டி வாழ்ந்த தடத்தில் நடந்து திரிந்தான். வண்டிகள் நிறுத்தினால் ஏறமாட்டான். யம்னாவின் கோழிகள் லேண்ட் ரோவரில் முட்டை இட ஆரம்பித்தன.

அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று நான் யோசித்ததுண்டு. கோடை மழைக்குப் பிறகு தெரிந்தது.

ஒரு சந்தை நாள் அதிகாலையில், ஆள் கிடைக்காத மீமூன் சர்க்கரையும் மாவும் ஏற்றிக்கொண்டு கீழேயிருந்து வந்தபோது கழுதைப்புலி ஓடையில் சிக்கினான். காலையில் சந்தைக்கு இறங்கிய வண்டிகள் ஒவ்வொன்றாக மேல்பக்கம் சுற்றிக் கடந்து போயின. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இருந்த வண்டியும் கடந்துதான் போனது. அப்போது ஹத்தூ காட்டுக்குள்ளிருந்து வந்து, அக்கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்வதைப் பார்த்தேன். மற்றதைச் சொன்னவள் ரஹ்ஹோ. அவள் அன்று நடந்து போனவள், பிடிவாதமாக அங்கேயே தங்கிவிட்டாள்.

ஹத்தூ சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினான். கெண்டியை வைத்தான். புதினா இலையை ஓடையில் அலசிப் போட்டான்.

"ஹத்தூ" என்றான் மீமூன் சேற்றிலிருந்து. "ஒரு வார்த்தை. அவிழ்த்துடு. என் பிள்ளைங்க முகத்தைப் பாரு."

ஹத்தூ கெண்டியை உயரத் தூக்கித் தேநீரை டம்ளரில் ஊற்றினான். நுரை வந்ததா என்று பார்த்தான். திருப்பிக் கெண்டியில் ஊற்றி, மறுபடி ஊற்றினான்.

"நான் ஆட்டுக்குட்டின்னுதான் நினைச்சேன். அல்லாஹ் மேல சத்தியமா."

ஹத்தூ குடித்தான்.

"நீ திட்டக்கூட மாட்டியா? கல்லை எடுத்து எறியேன்!"

"என்ன சத்தம்?" என்றான் ஹத்தூ, ரஹ்ஹோவைப் பார்த்து. "ஏதோ ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இல்ல?"

ரஹ்ஹோவுக்கு வாய் திறக்கவில்லை. அவளுக்கு வாய் திறக்காதது அதுதான் முதல் முறை என்று அவளே சொன்னாள்.

ஹத்தூ டம்ளரை ஓடையில் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிற்பகல் அசர் தொழுகை நேரம் வந்ததும் பாயை விரித்துத் தொழுதான். மீமூன் கையால் சேற்றைத் தோண்டினான், மாவு மூட்டைகளை இறக்கினான், கிளைகளை அடுக்கினான். பொழுது சாயும் முன்பே அவன் வண்டி உறுமிக்கொண்டு வெளியே ஏறியது. இறக்கிய மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி, பின்னால் பார்க்காமல் கீழே போனான். அடுத்த சந்தைக்கு முன் வண்டியை விற்றுவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு சமவெளிக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஹத்தூ வீட்டுக்கு வந்தான். இனி யாரும் அவன் வாசலில் ஆடு அறுக்க வரப்போவதில்லை. யம்னா கதவைத் திறந்து, அவன் முதுகிலிருந்த கம்பளி மூட்டையை வாங்கிக்கொண்டாள். முடிச்சு அதற்குள் இருந்தது. அவிழ்க்கப்படவில்லை.

"முடிஞ்சதா?" என்றாள்.

ஹத்தூ வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். கால் முழுக்க ஓடைச் சேறு காய்ந்திருந்தது.

"அவன் பொழுது சாயிறதுக்கு முன்னாடியே வெளியே வந்துட்டான்" என்றான். "இஷ்ஷு அதைவிட அதிக நேரம் கிடந்தான்."