என் வீட்டுக்காரிக்கு அம்மன் குரலைத் திருப்பித் தந்தாள்

போன வருடம் ஆடிப் பொங்கலன்று, எங்கள் ஊர்க் காளியம்மன் கோயில் வாசலில் பானை பொங்கி வழிந்த நேரத்தில், என் வீட்டுக்காரி முத்துராக்கு குலவை போட வாயைத் திறந்தாள். குலவை வரவில்லை. தொண்டைக்குள் எதையோ அடைத்து வைத்த மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் அவளையே பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இது என்ன பெரிய கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் முத்துராக்கு தொடங்காமல் யாரும் குலவை போட மாட்டார்கள். சாவு வீட்டிலும் அப்படித்தான். அவள் குரலெடுத்து அழுதால் ஆம்பிளைகளும் துண்டை முகத்தில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் குரல்தான் போயிற்று.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். திருச்சுழி பக்கம் விறகை மண்ணால் மூடி எரித்துக் கரி மூட்டம் போடுகிற எவரைக் கேட்டாலும் என்னைத் தெரியும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். அடுத்தவர் காட்டில் சீமைக்கருவேலை வெட்டிக் கூலி வாங்கினவன். இன்று சொந்த மூட்டம், சொந்த லாரி, மாடி வீடு. காளியம்மன் கோயிலில் தொங்குகிற வெண்கல மணி நான் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கனத்தில் இந்த வட்டாரத்திலேயே வேறு மணி கிடையாது. எவர் கையையும் நான் எதிர்பார்த்ததில்லை, காளியம்மன் கையைத் தவிர. அப்படிப்பட்ட நான், என் வீட்டுக்காரி கண்ணெதிரே மங்கிப் போவதை ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் தைராய்டு உண்டு. கழுத்தில் இருக்கிற சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை என்று பல வருடத்துக்கு முன்பே அருப்புக்கோட்டை டாக்டரம்மா கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காப்பி. அதிலேயே நன்றாகத்தான் இருந்தாள். அதனால் உடம்பு மறுபடியும் கெட்டபோது தைராய்டு நினைப்பே எங்களுக்கு வரவில்லை. மாத்திரைதான் போடுகிறாளே, பிறகு எப்படி வரும் என்று இருந்துவிட்டோம்.

எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குளிருகிறது என்று படுத்திருந்தாள். முகம் உப்பியது. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. உலையை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று அடுப்பையே பார்த்து நிற்பாள். மூட்டப் புகைதான் தொண்டையைக் கெடுத்துவிட்டது என்றார்கள். அவள் மூட்டத்துப் பக்கம் போயே பல வருடம் ஆகிறது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

ஏற்கெனவே அவள் செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்து வந்தாள். எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி இன்னும் மடி நிறையவில்லை. அதற்காக அந்த ஆடிக்கு முந்தின தையிலேயே தொடங்கின விரதம். சாயங்காலம் விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. உடம்பு இப்படி ஆனதும் நான் கோயிலுக்குப் போய், "ஆத்தா, ஞாயித்துக்கெழம வெரதமும் சேத்து இருப்பா. அவளக் காப்பாத்திக் குடு" என்று நேர்ந்துகொண்டேன். அவளும் மறுபேச்சுப் பேசாமல் இருந்தாள். ஆனால் உடம்பு தேறவில்லை. இன்னும் மோசமானது.

புரட்டாசியில் பந்தல்குடியிலிருந்து சேதி வந்தது. அவளுடைய அக்கா இருளாயி இறந்துவிட்டார். தாய் இல்லாத இவளைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். சாவு வீட்டில் எல்லோரும் முத்துராக்கு வருகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். அழுகையும் வரவில்லை, குரலும் வரவில்லை. உப்பின முகத்தோடு கல் மாதிரி இருந்தாள்.

அக்காவின் நாத்தனார் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "மாடி வீட்டுக்காரிக்கு கண்ணீரும் வத்திப் போச்சு போல. ஊருக்கெல்லாம் அழுவா. கூடப் பொறந்தவளுக்கு ரெண்டு சொட்டுக்கும் பஞ்சம்."

முத்துராக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். திரும்பி வரும்போது லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கரகரத்த குரலில் ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தாருங்க, எனக்கு ஏன் அழுக வரல? நான் அம்புட்டு பாவியா?"

பந்தல்குடி ரோட்டில் அன்று நான் ஓட்டியதுபோல் மெதுவாக என் வாழ்நாளில் லாரி ஓட்டியதில்லை.

ஐப்பசியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு ரொம்பக் கெட்டிருக்கிறது என்றார். "மாத்திரையத் தினமும் ஒழுங்காப் போடுறாங்களா?" என்று கேட்டார். "நாள் தவறாமப் போடுறா டாக்டரம்மா, நானே சாட்சி" என்று நான்தான் சொன்னேன். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார். சில வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வரச் சொன்னார்.

கூட்டிக் கொடுத்தும் குணமில்லை. கார்த்திகை மாதம் ஒருநாள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிடுகிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள், யாரோ ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். கை சில்லென்று இருந்தது. இவள் எனக்கு முன்னால் போய்விடுவாள் என்று அன்றுதான் என் மனதுக்குப் பட்டது.

அவளைப் படுக்க வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு, கோயிலுக்கு ஓடினேன். எப்போது போனாலும் ஆத்தாவிடம் அது தருகிறேன், இது செய்கிறேன் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று வாயில் ஒன்றும் வரவில்லை. நான் வாங்கிக் கொடுத்த மணிக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். "என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல தாயி. நீதான் வழி காட்டணும்." அவ்வளவுதான் என் வேண்டுதல்.

மறுநாளே அவளை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். ரத்தம் பார்த்தார்கள். அளவைக் கூட்டியும் இப்படி இருக்கக் கூடாதே என்று டாக்டரம்மா யோசித்தார். மாத்திரையை எப்படிப் போடுகிறாள் என்று மறுபடி கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அம்மா சொல்லட்டும்" என்றார்.

முத்துராக்கு மெதுவாகச் சொன்னாள்: "காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல போட்டுருவேன் தாயி. வெரதத்தன்னைக்கு மட்டும் போட மாட்டேன். பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதுல்ல."

"வாரத்துல எந்தெந்த நாள் விரதம்?"

"செவ்வா, வெள்ளி, ஞாயிறு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சாயந்தரம் சாப்பிட்டப்புறமாவது போடுவீங்களா?"

"வெறும் வயித்துல போடணும்னு நீங்கதான தாயி சொன்னீக?"

பல மாதமாக எங்கள் வீட்டில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாதது அவள் வாயிலிருந்தே, அந்தத் தேய்ந்த குரலிலேயே வந்தது. முந்தின நாள் நான் கேட்டதற்கு என் தாய் காளி சொன்ன பதில் அதுதான். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. குரல் கம்மியதும் அழுகை வராமல் மரத்துப்போனதும் இந்தத் தைராய்டு குறையால்தான் என்றார். இனி ஒருநாளும் விடக்கூடாது என்றார். கூட்டின அளவைத் தினமும் போட்டால் நெஞ்சு படபடக்கும் என்று பழைய அளவுக்கே குறைத்தார். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்து, அதற்கு மேல் வேண்டுமா என்று முடிவு செய்யலாம், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றார்.

ஆனால் முத்துராக்கு வீட்டுக்கு வந்ததும், "வெரதத்துல மாத்திர போட்டா நேந்தது பலிக்காது. மகளுக்காக நேந்தது" என்று அழுதாள். கண்ணீர் வரவில்லை, அந்தக் கரகரத்த குரல்தான் அழுதது. நான் நேராகப் பூசாரி கருப்பையாவிடம் போனேன். அவன் என் வயசுக்காரன், சின்னதிலே ஒன்றாக ஆடு மேய்த்தவன்.

"ஏலே கருப்பையா, வெரதத்துல மாத்திர போடலாமாலே?"

அவன் சிரித்துக்கொண்டே மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினான். "இது என்ன தெரியுதா? பிரசரு மாத்திர. காப்புக் கட்டியிருக்கும்போதும் இத முழுங்கிட்டுத்தாம்லே பூக்குழி எறங்குறேன். ஆத்தா என்னையச் சுட்டாளா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேலே."

"நீ எங்கலே கேட்ட? மணி வாங்கித் தாரேன், மைக்கு வாங்கித் தாரேன்னு சொல்லத்தான வருவ!"

அன்றே வீட்டுக்கு வந்து, "மதினி, மருந்து சோறு இல்ல. ஆத்தா சோத்தத்தான் நிறுத்தச் சொன்னா" என்றான். மாத்திரை அட்டையை வாங்கிக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து, திருநீறும் வேப்பிலையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தான். போகிற போக்கில், "அந்த ஞாயித்துக்கெழம வெரதத்த நேந்தவன் இவன்தான? இவனே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை நான்தான் பட்டினி. எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் என்னைப்போல் சுத்தமாக விரதம் இருப்பவர் கிடையாது.

மார்கழியில் கம்பளி போயிற்று. தையில் ரத்தம் பார்த்தோம், ஏறிக் கிடந்த டி.எஸ்.எச். என்கிற தைராய்டு கணக்கு பாதி இறங்கியிருந்தது. மாசியில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, இந்த அளவே போதும் என்றார் டாக்டரம்மா. முகத்தில் வீக்கம் வடிந்து பழைய முத்துராக்கு தெரிந்தாள். குரல் கடைசியாகத்தான் வந்தது.

பங்குனிப் பொங்கலுக்கு அவள் குலவையை நாலு ஊருக்குக் கேட்க வைக்க வேண்டும் என்று பெரிய மைக் செட்டுக்குச் சொல்லி வைத்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"இந்தாருங்க, குலவ அப்பறம். மொதல்ல என்னையப் பந்தல்குடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போனோம். அக்கா படுத்திருந்த கட்டில் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முத்துராக்கு வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று "எக்கா" என்று ஒரு குரல் எடுத்தாள். ரோட்டில் தூத்துக்குடி லாரிகள் இரைந்துகொண்டு போகின்றன, அதற்கு மேலே அந்தக் குரல் கேட்டது. புரட்டாசியில் அழ வேண்டியதைப் பங்குனியில் அழுதாள். அன்றைக்குக் குத்திப் பேசிய நாத்தனார்தான் முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஆசைப்பட்டது குலவைக்கு, ஆத்தா முதலில் கொடுத்தது இந்த அழுகையை.

பிறகு கோயிலில் குலவையும் போட்டாள். மைக் வைத்தும் அது தேவைப்படவில்லை.

மகளுக்கு இன்னும் குழந்தை இல்லை. செவ்வாயும் வெள்ளியும் முத்துராக்கு விரதம் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். டாக்டரம்மாவுக்கும் அது தெரியும். காலையில் ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரையும் நான் எடுத்துக் கொடுக்கிறேன். விழுங்கிவிட்டுத்தான் விளக்கைத் துடைக்கிறாள்.

அம்மனை நம்புகிற என் சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள். நன்றாக இருந்த உடம்பு திரும்பக் கெட்டால் டாக்டரிடம் போய் ரத்தம் பாருங்கள். விரதத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆத்தாவிடம் அழுது கேளுங்கள். எந்த வாயால் சொன்னாலும் சொல்வது அவள்தான். கேட்கிற காது மட்டும் நமக்கு வேண்டும்.

பந்தல்குடியிலிருந்து திரும்பி வரும்போது முத்துராக்கு என்னிடம், "எங்கக்காவுக்கு நான் அழுதது கேட்டிருக்குமா?" என்றாள்.

"கேட்டிருக்கும்" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கே அழுதிருக்கலாம்" என்றாள்.