குருபரப்பள்ளியில் என் பெயரைச் சொன்னால் நிற்கும் பஸ்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். என் எழுத்தை நம்பி ஒரு நாள் ஒரு பஸ்ஸே நிற்கும், அதனால் ஒரு டிரைவரின் வேலைக்கே ஆபத்து வரும், கடைசியில் நானே போய்த்தான் அதைத் தீர்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் எல்லோரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக: நான் முனிராஜ், ஓசூர். படிப்பு எட்டாம் வகுப்பு, ஆனால் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். நான் வெளியே வந்த பிறகு அங்கே ஒரு போல்ட்டைக்கூடத் தேடி எடுக்க முடியவில்லை என்று கேள்வி. அக்கா மகள் இந்த வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தாள். ஓசூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் எங்கே போக எந்த பஸ், எத்தனை மணிக்கு, என்ன கட்டணம் என்று எழுதிவருகிறேன். உலகமே படிக்கிறது.

போன வருடம் 'எக்ஸ்பிரஸ் நிற்காத ஊர்களில் ஏறுவது எப்படி' என்று ஒரு கட்டுரை போட்டேன். அதில் இப்படி எழுதியிருந்தேன்: 'குருபரப்பள்ளியில் ஓசூர் போகும் பக்கம் நில்லுங்கள். 7.10க்கு ஒரு கம்பெனி பஸ் வரும். கை காட்டி, முனிராஜ் அண்ணன் ஆள் என்று சொல்லுங்கள். மறு பேச்சு இல்லாமல் ஏற்றிக்கொள்வார்கள்.' உண்மை என்னவென்றால், எப்போதோ ஒரு தடவை என் டி.வி.எஸ். பஞ்சரானபோது யாரோ ஒரு கம்பெனி டிரைவர் இரக்கப்பட்டு என்னை ஏற்றிக்கொண்டார். மற்றதெல்லாம் வாக்கியம் அழகாக முடிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. எழுதுகிறவர்களுக்கு இது புரியும்.

அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் முன்னூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டங்கள். காலையில் ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடக்கிற நண்பர்களிடம் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, திறந்து படிக்கவில்லை. பாராட்டைப் படித்தால் தலைக்கனம் வரும் என்று ஒரு பயம். போன மாதம் ஒரு புதன்கிழமை, மின்சாரம் இல்லாத நேரத்தில், வேறு வேலை இல்லாமல் திறந்தேன். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்தது இதுதான்:

'நீலம் வரல. மஞ்சள்ல ஏறுங்க.'

'பச்சை துப்பட்டா அக்கா, இன்னிக்கு 7.22.'

'கண்ணாடிக்காரர் முன்னாடி உக்காந்திருக்காரு. யாரும் கை காட்டாதீங்க.'

'சனிக்கிழமை நாலு பேருக்கு மேல வேணாம்.'

எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை படித்தேன். இது கர்நாடக எல்லை மாவட்டம். அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் என்னென்ன கடத்தி வருகிறார்கள் என்று பேப்பரில் படிக்காதவர் உண்டா? நீலம், மஞ்சள் என்றால் சாராய பாட்டில் மூடியின் நிறம். கண்ணாடிக்காரர் என்றால் போலீஸ். பச்சை துப்பட்டாதான் தலைவி. என் வலைப்பூவில் உட்கார்ந்துகொண்டு ஒரு கும்பல் தொழில் நடத்துகிறது, அதுவும் குருபரப்பள்ளிக் கட்டுரைக்குக் கீழேயே! அங்கே நேரில் போய்ப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.35க்கு ஓசூர் பஸ் நிலையத்தில் சேலம் எக்ஸ்பிரஸ் ஏறினேன். நடத்துநர் டிக்கெட் இயந்திரத்தை நீட்டியபடி கேட்டார்.

"எங்க பெரியவரே?"

"குருபரப்பள்ளி."

"நிக்காது. கிருஷ்ணகிரி டிக்கெட் எடுங்க, போயிட்டுத் திரும்பி வாங்க."

"நான் யார் தெரியுமா?"

"யாரா இருந்தாலும் ஐம்பது ரூவா."

கொடுத்தேன். இடையில் ஒரு லாரி குறுக்கே வந்து, குருபரப்பள்ளியில் பஸ் சற்று மெதுவானது. நான் எழுந்து நின்று ஓட்டுநரைப் பார்த்த பார்வையில்தான் மெதுவானது என்று என் கணிப்பு. இறங்கியபோது 6.30. ஓசூரிலிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். எதிர்ப் பக்கம் போக நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள். கொஞ்சம் நடந்தால் அடியில் வழி இருக்கிறது. டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை அதிகம்.

ஏழு மணிக்கு ஐந்து பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி பச்சை துப்பட்டா. நான் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்று பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி கவனித்தேன். கையில் பாட்டில் எதுவும் இல்லை, சோற்றுப் பைதான். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. பச்சை துப்பட்டா நேராக என்னிடமே வந்துவிட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை.

"என்னாண்ணா, ரொம்ப நேரமா எங்களையே பாக்கறீங்க? ஆபீஸ்ல இருந்து அனுப்புனாங்களா?"

"எந்த ஆபீஸ்? நான் சும்மா பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"பேப்பர் தலைகீழா இருக்குது."

"எனக்கு அப்படியும் படிக்க வரும். நீங்க யாரோட ஆளுங்க?"

"முனிராஜ் அண்ணன் ஆளுங்க" என்றாள், நெஞ்சை நிமிர்த்தி.

"அவரைப் பாத்திருக்கியா?"

"பாக்காம? நல்ல ஒசரம். மீசை இந்த அளவுக்கு. இந்த ரோட்டுல அவரு பேரச் சொன்னா லாரிகூட நிக்கும்."

வர்ணனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் விடக்கூடாதே. "நான்தாம்மா அந்த முனிராஜ்" என்றேன். பின்னால் நின்ற நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"போன வாரம் ஒரு தாத்தாவும் இதையேதான் சொன்னாரு" என்றாள் அவள்.

7.14க்கு நீல பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். நான் படியில் கால் வைத்ததும் டிரைவர் கையை நீட்டித் தடுத்தார். "யாரு நீங்க?" வேறு வழியில்லை. "முனிராஜ் அண்ணன் ஆளு" என்றேன். ஏற்றிக்கொண்டார். என் வாழ்நாளில் என் பெயரால் எனக்கே நடந்த முதல் நன்மை அது.

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். பெயர் அன்வர், காவேரிப்பட்டினம்காரர், நரைத்த தாடி. இரண்டு கிலோமீட்டர் போனதும், நான்தான் உண்மையான முனிராஜ் என்றேன். அவர் நம்பவில்லை. பச்சை துப்பட்டா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். போனில் என் வலைப்பூவைத் திறந்து, சொந்தக்காரருக்கு மட்டும் தெரிகிற அந்தப் பென்சில் படத்தைத் தொட்டு, கட்டுரையில் ஒரு எழுத்தை அழித்துத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவள் தன் போனில் அது மாறியதைப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"மீசையே இல்லையேண்ணா" என்றாள்.

அன்வர் பாய் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "ரெண்டு மாசமா உங்களத் தேடிக்கிட்டு இருக்கேன். மொத நாள் பக்கத்துல நிக்கற இந்த ஸ்டெல்லா பொண்ணு நிறுத்தி உங்க பேரச் சொல்லுச்சு பாருங்க, சொன்ன தோரணையில, சரி, நம்ம கான்ட்ராக்டர் மச்சான் யாரோன்னு நெனச்சு ஏத்திட்டேன். அப்புறம் விசாரிச்சா, எந்த முனிராஜும் இல்ல. அதுக்குள்ள பழகிடுச்சு. பின்னாடி பதினோரு சீட்டு காலியாப் போவுது, பாவம் புள்ளைங்க. ஒரு பைசா வாங்கறதில்லைங்க."

"நல்ல விஷயம்தானே பாய்?"

"என்னா நல்ல விஷயம்? வெளியாள ஏத்தக் கூடாது, இன்சூரன்ஸ் கெடையாது. நீங்க ஊரு, நேரம் எல்லாம் போட்டு எழுதி வெச்சிருக்கறீங்க. எங்க கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல ஒரு சூப்பர்வைசர் தம்பி அதப் படிச்சுட்டான். திங்கக்கெழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கான். நெசம்னா அன்னிக்கே சாவியக் குடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டான். எனக்கு அம்பத்தாறு வயசு. இதுக்கு மேல எவன் வண்டி குடுப்பான்? மொதல்ல அத அழிங்க."

அந்த நேரம் பார்த்து கர்நாடகப் பதிவெண் லாரி ஒன்று முட்டுகிற மாதிரி உள்ளே நுழைந்தது. பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனப்பா, கண்ணு காணல்வா?" என்று கன்னடத்தில் ஒரு சத்தம் போட்டுவிட்டு, மறுபடி தமிழுக்கு வந்தார். "அழிக்கறீங்களா இல்லியா?"

"அழிக்காதீங்கண்ணா!" என்றாள் ஸ்டெல்லா. "அது கீழதான் நாங்க பேசிக்கறோம்."

அப்போதுதான் கும்பலின் ரகசியம் வெளியே வந்தது. இந்தப் பெண்கள் வேலை செய்வது இந்த பஸ்ஸின் கம்பெனியில் இல்லை, அதே சாலையில் இருக்கிற வேறு ஒன்றில், கான்ட்ராக்டில். அங்கே கான்ட்ராக்ட் ஆட்களுக்கு பஸ் கிடையாது. 8.30 ஷிப்டுக்கு டவுன் பஸ்ஸில் போனால் 9.05 ஆகும். மூன்று நாள் தாமதமானால் நான்காம் நாள் கேட்டுக்கு வெளியேதான். நீலமும் மஞ்சளும் இரண்டு கம்பெனி பஸ்கள். கண்ணாடிக்காரர், எப்போதாவது இதே பஸ்ஸில் வரும் ஆபீஸ் அதிகாரி. கிருஷ்ணகிரியிலேயே ஏறிவிடுகிற ஒரு பெண் இதையெல்லாம் பார்த்து எழுதிப்போட, வழியில் நிற்கிறவர்கள் படித்துக்கொள்கிறார்கள்.

"அதுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கே?" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

"குரூப்னா நம்பர் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ராத்திரியில எவனாவது 'சாப்டியா'ம்பான். எங்க வூட்டுக்காரரு போன எடுத்துப் பாப்பாரு. உங்க பக்கத்துல பேரும் வேணாம், நம்பரும் வேணாம். கல்லாவியில இருந்து புதுசா ஒரு பொண்ணு வந்தாக்கூட அதப் படிச்சுட்டு வந்து நிக்குது. மேல நீங்க எழுதுனத யாரும் படிக்கறதில்ல, தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் எப்படி இருப்பது? ஆனாலும் ஓசூர் வரும்வரை அதையே யோசித்தேன். எதற்காக எழுதுகிறோம்? நாலு பேர் நம்மை மதிக்க வேண்டும் என்றுதான், வேறு காரணம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். படிக்க வருகிறவர்களோ அவரவர் பாட்டைப் பார்க்க வருகிறார்கள். கடையைத் திறந்தது நான், உள்ளே நடக்கிற வியாபாரம் அவர்களுடையது.

அழித்தால் பெண்களின் வேலை போகும். அழிக்காவிட்டால் பாயின் வேலை போகும். இப்போது அழித்தால், பயந்து அழித்தான் என்று அந்தச் சூப்பர்வைசருக்குச் சந்தேகம் உறுதியாகும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி டாக்டரிடம் போகச் சொன்னாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு பாயோடு நானும் போனேன். ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், பன்னிரண்டு நிமிடம். சூப்பர்வைசர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, என் கட்டுரையை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"நீங்கதான் முனிராஜா? இதுல இருக்கறது உண்மையா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"பொய் சார்."

"பிரச்சினைன்னதும் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, அங்கிள்."

"மத்ததையும் படிங்க சார்" என்று என் போனை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"சூளகிரி மலையில சிறுத்தைய குடையால விரட்டினேன்... இது?"

"பொய் சார். நாய்."

"ராயக்கோட்டை மார்க்கெட்டுல நீங்க மொறைச்சதும் தக்காளி வெல கொறஞ்சுது?"

"அன்னிக்கு ஏற்கெனவே கொறஞ்சிருந்துச்சு."

"மேல பறந்த ஹெலிகாப்டர்காரர் உங்ககிட்ட வழி கேட்டாரு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சூப்பர்வைசரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியாக ஒன்றைத் திறந்தார். "அணையில தூண்டில் போட்டு பதினொன்னே கால் கிலோ கட்லா மீன்?"

ஐயா, அது மட்டும் சத்தியமான உண்மை. தராசில் நிறுத்தவரே சாட்சி இருக்கிறார். என் வாழ்க்கையில் நான் ஒன்றும் சேர்க்காமல் எழுதிய ஒரே கட்டுரை. ஆனால் ஒன்று உண்மை என்றால் இன்னொன்றும் உண்மையாக இருக்கலாமே என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பாயின் கை நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அதுவும் பொய்தான் சார்" என்றேன். "மீனே மாட்டல."

அவர் பேனாவை எடுத்து, 'எழுதியவர் நம்பத் தகுந்தவர் அல்ல' என்று அச்செடுத்த தாளின் மேலேயே எழுதி, கோப்பில் வைத்துக்கொண்டார். என்னையும் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வெளியே வந்ததும் பாய் எதிர்க்கடையில் ஒரு பாதாம் பால் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, வண்டி எடுக்கப் போய்விட்டார்.

அன்று மாலையே அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டேன். எழுத்தை மட்டும்தான் எடுத்தேன், கீழே இருக்கிற பின்னூட்டங்களை அப்படியே விட்டேன். மேலே, எந்தச் சூப்பர்வைசரும் இரண்டு வரிக்கு மேல் படிக்க முடியாத ஒரு விஷயத்தைப் போட்டு, தலைப்பையும் மாற்றினேன். எது என்று கேட்காதீர்கள். என் பக்கத்தில் அந்த மாதிரிக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன என்று அக்கா மகள் சொல்கிறாள். கீழே பின்னூட்டங்கள் நேற்று வரை முன்னூற்று எண்பத்தாறு.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: காலை எக்ஸ்பிரஸில் கிருஷ்ணகிரி டிக்கெட் எடுத்துக்கொண்டு வாக்குவாதம் செய்யாமல் உட்காருங்கள். சில்லறையாக ஐம்பது ரூபாய் வைத்திருங்கள். டவுன் பஸ் 7.40 என்று போட்டிருந்தாலும் 7.50க்குத்தான் வரும். பேப்பர் படிப்பதாக நடித்தால் நேராகப் பிடியுங்கள். தெரியாத ஊரில் நாலு பெண்கள் சேர்ந்து நின்றால் கடத்தல்காரிகள் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். நீங்கள் அவர்களைச் சந்தேகப்படுவதற்குள் அவர்கள் உங்களைச் சந்தேகப்பட்டு முடித்திருப்பார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, பாயைத் திரும்ப மாட்டிவிட்டானே இந்த ஆள் என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊர் குருபரப்பள்ளி இல்லை. அங்கே அப்படி ஒரு பஸ் நிற்பதும் இல்லை, யாராவது கை காட்டினால் டிரைவர் திட்டிவிட்டுப் போவார். உண்மையான ஊரை அறிந்த சூப்பர்வைசர் இதைப் படித்தால், ஊர்ப் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவன் என்று கோப்பில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்வார். சேர்க்கட்டும். ஆனால் மேலே குருபரப்பள்ளிக்கு நான் கொடுத்திருக்கிற நேரம், கட்டணம், டீயின் விலை எல்லாம் சரியானவை. இந்தப் பொய்யை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே போன வியாழக்கிழமை அங்கே தனியாகப் போய், ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன்.