மாமி எறிந்த புத்தகம்

ஈர ஜாக்கெட்டுகள் ஹீட்டரில் காயும் வாடைதான் எனக்கு இன்றைக்கும் புத்தக வாடை. ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தெருமுனையில் இருந்த சின்ன நூலகத்தில், பள்ளிக்கூடப் பாடமே ஒழுங்காக ஏறாத நான், குளிர்காலப் பின்னேரங்களில் எழுத்தெழுத்தாக ஜெர்மன் வாசித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஒரு அட்டைப்படம். கரீபியத் தீவொன்றின் கறுப்புச் சிறுமி, தலைமுடியை நுணுக்கமாகப் பின்னிக்கொண்டு, துடுப்பைத் தோளில் சாய்த்தபடி நின்றாள். வீட்டில் "கறுப்பி" என்று கூப்பிடப்பட்ட நான், என் நிறத்தில் ஒருத்தி அட்டையில் நிற்பதை அதற்கு முன் கண்டதில்லை.

கதையில், பெண்பிள்ளைகள் படகுப் போட்டியில் இறங்கக்கூடாது என்று ஊர் தடுக்க, அவள் களவாகத் துடுப்புப் போடப் பழகுகிறாள். புத்தகத்தை வீட்டுக்கு இரவல் எடுத்துவந்து, போட்டி தொடங்கும் பக்கம்வரை வாசித்திருந்தேன். அப்போது என் "சாமத்தியவீடு" வந்தது. எங்கள் சனம் மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்துக் கொண்டாடும் பூப்புனித விழா. அப்பாவின் தங்கையான மாமி, அலங்காரப் பொறுப்போடு கொலோனிலிருந்து வந்திறங்கினார்.

"ஆரடி உந்தக் காப்பிலி?" என்று, ஆப்பிரிக்கரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால் கேட்டு, அட்டையைத் தட்டினார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "மச்சாள், உதைப் பாத்துப் பாத்துத்தான் உவள் இன்னும் கறுத்துப்போறாள்."

அம்மா சிரித்தார். மறுநாள் காலை, மாமி அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்களோடு கட்டி வெளியே எறிந்துவிட்டிருந்தார். அத்தோடு நான் நூலகம் போவதும் நின்றது. "துலைக்கிற பிள்ளைக்குப் புத்தகம் என்னத்துக்கு?" என்றார், தானே எறிந்துவிட்டு.

நான் பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதிவழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்புகிறவள். ஆனால் விழாவன்று மண்டபத்தில், மாமி அப்பிய வெள்ளைப் பவுடருக்குள் என் முகத்தைக் கண்ணாடியில் காணாதபோது பயத்தையும் மிஞ்சி ஏதோ எழும்பியது. கழிவறைக்குள் ஓடி, கைகழுவும் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவிவிட்டு, என் முகத்தோடேயே, மணவறை மாதிரி அலங்கரித்திருந்த மேடையில் ஏறினேன்.

"ஐயோ மச்சாள், உவள் கழுவிப்போட்டாள்! சட்டி அடி மாதிரி நிக்கிறாள்!"

"கத்தாதேங்கோ அக்கா, கமரா ஓடுது," என்றார் வீடியோக்காரர்.

வீடியோவில் அந்த அலறல் இன்றும் நாதஸ்வரத்துக்கு மேலாகக் கேட்கிறது. யாராவது விருந்துக்கு வந்தால் போட்டுக் காட்டுவேன்.

அதோடு ஆறிவிடவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு பேக்கரியில் வேலைக்கு நின்ற காலத்திலும், போட்டியில் அவள் வென்றாளா என்று தெரியாத கோபம் உள்ளே கனன்றுகொண்டே கிடந்தது. புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது. கேட்கலாம் என்றால், நூலகம் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை.

மாமியின் பேத்தி என்னைவிடக் கறுப்பு. அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கறுப்புப் பெண்பிள்ளைகளின் கதையாகத் தேடி வாங்கிக்கொண்டு, ரயில் நடுவழியில் நிற்குமோ, மாமி வாசலிலேயே திருப்பி அனுப்புவாரோ என்று பயந்தபடியே கொலோனுக்குப் போகிறேன். போனமுறை பிள்ளை புத்தகத்தோடு மாமியின் மடியில் ஏறி, அட்டையில் நின்ற சிறுமியைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மம்மா, இவள் என்னை மாதிரியே வடிவு, என்ன?"

மாமி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்," என்றார் வாய்க்குள்.

"பெலத்துச் சொல்லுங்கோ மாமி," என்றேன். "பிள்ளைக்குக் கேக்கேல்லை."