வெயிலில் வைத்த அயிலை

மதினிமேல் விழுந்த பழி என்னுடையது. அந்த மீனைக் கெடுத்தவள் நான்!

செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கெட்டுப்போகும் மீனில் பெருகும் கிருமிகளின் நொதி ஒன்றை ஆராய்ந்துவந்தேன். மீன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை அது ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஹிஸ்டமின் அழியாது. தூக்கத்தில் கேட்டாலும் இதைச் சொல்வேன்... சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

அறுபதுகளில் ஒரு மே மாதம். தாராவியில் எங்கள் வீட்டில் எனக்கு நிச்சயதார்த்தம். காலையில் விருந்துக்கு அயிலை மீன் வாங்கி வரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வழியில், மாட்டுங்காவில், என்னை மணக்கவிருந்தவர் காத்திருந்தார். கூடையை வெயிலில் வைத்துவிட்டுப் பேசினேன், சிரித்தேன்... பொழுது போனதே தெரியவில்லை. ஐஸ் போடக்கூடத் தோன்றவில்லை. எனக்கு! அந்த நொதியோடு தினமும் குடித்தனம் நடத்திய எனக்கு!

மீன் நாறவில்லை. அதுதான் கொடுமை.

விருந்து முடிந்து எழுந்தவர்களின் முகமெல்லாம் சிவந்தது. தடிப்பு, படபடப்பு, வாந்தி... சாயங்காலத்துக்குள் எல்லாரும் தேறிவிட்டார்கள். ஆனால் சமைத்தது யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

சமைத்தவள் என் அண்ணன் மனைவி எஸ்தர். கோயில் அசன விருந்துகளுக்கு அவளைத்தான் தேடி வருவார்கள்.

"ஏட்டி, நல்லா கழுவித்தானே வச்சேன்? நீ படிச்சவ, சொல்லு!" என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் என் வாயையே பார்த்தார்கள்.

"சுத்தம் பத்தல மதினி" என்றேன்.

அண்ணன் எல்லார் முன்னாலும் அவளை அறைந்தான். நான் தடுத்தேனா? இல்லை! கல்யாணம் நின்றுவிடுமோ என்றுதான் பயந்தேன்.

அதன்பின் எந்த அசனத்துக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் பரிமாறும் சோற்றை அண்ணன் முகர்ந்து பார்த்த பிறகே வாயில் வைப்பான். அவள் தலை குனிந்து நிற்பாள். நானோ அந்த நொதியைப் பற்றிக் கட்டுரை வாசித்துக் கைதட்டல் வாங்கினேன். த்தூ!

சின்ன வயது, பயம் என்று நீங்கள் எனக்குச் சமாதானம் சொல்ல வருவீர்கள். வேண்டாம்! அந்தச் சமாதானத்தை நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இத்தனை காலம் வாயை மூடிக் கிடந்தேன்.

அண்ணன் இறந்த பிறகு விக்ரோலிக்குப் போய் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நான் தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியாதாக்கும்? என்ட்ட எதுக்குச் சொல்லுத?" என்றாள். "உங்க அண்ணன்ட்டல்லா சொல்லிருக்கணும்."