நான்கு சக்கரமும் தரையில்

சவூதியில், அல் கோபார் நகரத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி எனக்குச் சொந்தம். மீதிப் பாதியில்தான் நாங்கள் இருவரும் சாப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை முடிந்து வந்தால் அங்கே உட்கார்ந்து பிளாஸ்டிக் கார் மாடல்கள் செய்வேன். அலமாரி நிறைய கார்கள் சேர்ந்த பிறகுதான் பிளாஸ்டிக்குக்குப் பதில் பல பொருள்கள் கலந்து வரும் 'மல்டிமீடியா கிட்' ஒன்றை வாங்கும் துணிச்சல் வந்தது. பழைய பந்தயக் கார் ஒன்றின் சிறிய மாதிரி அது.

பெட்டியைத் திறந்ததும் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பாதி சாமானக் காணோம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பிளாஸ்டிக் கிட்டில் எல்லாம் ஒரு சட்டத்தில் வரிசையாக நிற்கும், உடைத்து ஒட்டினால் போதும். இதில் ரெசின் என்ற கெட்டிப் பிசினில் வார்த்த முரட்டு உடல் ஒன்று, கறுத்த ஈயம்போல் ஒரு பை நிறைய உலோகத் துண்டுகள், நகத்தைவிடச் சின்ன பாகங்கள் வெட்டப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடு, கடைந்தெடுத்த அலுமினியச் சக்கரங்கள், ரப்பர் டயர்கள். செய்முறை என்று இரண்டே பக்கம். அதிலும் எந்தத் துண்டு எங்கே போகும் என்பதற்கு ஓர் அம்புக்குறிதான் காட்டியிருந்தார்கள்.

கார் உடல் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. வெந்நீரில் முக்கி, மெதுவாக நிமிர்த்தி, அப்படியே பச்சைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தேன். மூன்றாவது தடவையில் நேரானது. உலோகத் துண்டுகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவினேன். சீட் பெல்ட்டின் பித்தளைக் கொக்கி ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்துப் போய், சோஃபாவுக்கு அடியில் டார்ச்சோடு நானும் அவரும் தரையில் படுத்துத் தேடினோம். அவர் உள்ளங்கையில்தான் கிடைத்தது, ஒட்டிக்கொண்டு.

சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கம்பிகள் முழுவதையும் ஒட்டி முடித்து, சக்கரங்களை மாட்டி மேசையில் வைத்தேன். முன்பக்க இடது சக்கரம் அந்தரத்தில் நின்றது. அழுத்தினால் எதிர்ப்பக்கப் பின்சக்கரம் தூக்கியது.

"இதுக்கா இவ்வளவு யோசன? அலமாரில வச்சா யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாப்பேன்ங்க. தினம் பாப்பேன்."

மறுநாள் சனிக்கிழமை, லீவு. பால்கனியில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் பசையைக் கரைக்கும் அசிட்டோனை ஊற்றி, வாரக்கணக்கில் ஒட்டிய சஸ்பென்ஷன் முழுவதையும் கழற்றி அதற்குள் போட்டு மூடினேன். பசை இளகி ஒவ்வொரு துண்டாகக் கழன்று வந்தது. கையில் எடுத்துப் பார்த்ததும் பிழை எங்கே என்று பளிச்சென்று புரிந்தது. ஒரு கம்பியின் நுனியைச் சரியாக ராவாமல் விட்டிருந்தேன், மயிரிழை அளவு.

இந்தத் தடவை குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கிடத்தினேன். அதைவிடச் சமமான பரப்பு வீட்டில் வேறில்லை. அதன்மேல் நான்கு சக்கரங்களையும் டேப் போட்டு அசையாமல் நிறுத்தி, சக்கரத்திலிருந்து உள்நோக்கி ஒட்டிக்கொண்டு வந்தேன். செய்முறைத் தாளில் இருந்ததற்கு நேர்தலைகீழ். பசை காயும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டு சாம்பார் வைத்தேன்.

டேப்பை எடுத்ததும் அவர் சூப்பர்மார்க்கெட் பில்லைக் கிழித்து, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் நுழைத்துப் பார்த்தார். நான்காவது சக்கரத்தில் இரண்டு தடவை முயன்றார்.

"போக மாட்டேங்குதும்மா" என்றார் மெதுவாக.

நான் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை.

ஈரக்காற்று அடங்கி குளிர்காலம் வந்ததும் சிவப்புப் பெயிண்ட் அடித்து, மேலே கண்ணாடிபோல் வார்னிஷ் பூசினேன். பக்கத்து ஊரான தம்மாமில் மாடல் செய்பவர்கள் கூடும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதைக் கொண்டுபோனோம். ராணுவ டாங்கிகளும் விமானங்களுமாக மேசை நிறைந்திருந்தது. லாகூர்க்காரப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முழங்காலை மடக்கி, மேசை மட்டத்துக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "பாய், ஆப்னே பனாயா?" என்று உருதுவில் கேட்டார், நீங்களா செய்தீர்கள் என்று.

"நான் இல்ல பாய்" என்று அவர் தமிழிலேயே சொல்லிவிட்டு என்னைக் கைகாட்டினார். "மேடம்."

பெரியவர் எழுந்து நின்று எனக்கு சலாம் சொன்னார். முன்வரிசையிலிருந்த தன் டாங்கியைப் பின்னால் நகர்த்தி இடம் பண்ணினார். என் காரை நானே தூக்கி அங்கே வைத்தேன்.